அந்தக் கொட்டிலுக்கு ஆர் குண்டு போட்டது?

யாழ்ப்பாணத்தில் தொழில் வரலாறு பற்றி நடக்கும் ஆய்வரங்குகளுக்குப் போய்ப் போய் எனக்கு ஒரு சந்தேகம் முற்றிவிட்டது. எங்கள் தொழிற்சாலைகள் எல்லாம் மூடப்பட்ட அன்றுதான் வரலாற்றுக்குள் காலடி வைக்கின்றன. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றுக்கு வரலாறே இருக்கவில்லை போலும். மங்கல விளக்கேற்றி, ஆசியுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து முதல் கட்டுரையாளர் மைக்கைப் பிடிக்கவே பதினொரு மணியாகிவிடும். திரையில் முதல் படம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பாழடைந்த கட்டடம். அடுத்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. அதற்கடுத்தது ஆனையிறவு உப்பளம். கடைசியில் ஓர் அட்டவணை: தொழிலின் பெயர், இடம், தொடங்கிய ஆண்டு, நின்ற ஆண்டு. நின்ற ஆண்டு என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை 1990, 1990, 1990. அதோடு நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் மணியடிப்பார்.

அட்டவணையில் பிழை இல்லை. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டு, பொருளாதாரத் தடை இறுகி, மின்சாரமும் போன பிறகு இங்கே எந்த ஆலை ஓடியிருக்கும்? சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த தலைமுறையிடம் போய் யுத்தம் பெரிய காரணமில்லை என்று சொல்ல எனக்கு என்ன விசரா? என் மனக்குறை வேறு. யுத்தம் எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டதால் கேள்வி கேட்கிற பழக்கமே எங்களிடம் அற்றுப்போய்விட்டது. ஒரு தொழில் ஏன் விழுந்தது என்று கேட்டால் ஆண்டு மட்டும் பதிலாக வருகிறது. அந்தத் தொழில் எப்படி நின்றுபிடித்தது, யார் காசில், யார் கடனில், யார் கையில் ஓடியது என்று கேட்டால் பதிலே வருவதில்லை.

இது எனக்குள் நெடுநாளாக இருந்த முணுமுணுப்புத்தான். அதை வாய்விட்டுக் கேட்டது நானில்லை. நகரத்து மண்டபமொன்றில் நடந்த அப்படியான ஓர் அரங்கில், கேள்வி நேரத்தில், பின் வரிசைக் கதிரையிலிருந்து எண்பதைத் தாண்டிய ஒருவர் எழும்பினார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, காதுக்குள் கருவி. மைக் கொண்டு வருகிறவரைக் காத்திராமல் தன் குரலிலேயே சொன்னார்: "தம்பி, நான் சுருட்டுச் சுத்தினனான். எங்கட கொட்டில் எழுபத்தெட்டிலயே பூட்டியாச்சு. அப்ப இஞ்ச ஒரு செல்லும் விழேல்லை. அந்தக் கொட்டிலுக்கு ஆர் குண்டு போட்டது எண்டு உங்கட பட்டியலில கிடக்கே?"

மண்டபம் சிரித்தது. கட்டுரை வாசித்த இளைஞரும் சிரித்து, "ஐயா, அது இந்த ஆய்வின்ர எல்லைக்குள்ள வரேல்லை" என்றார். தலைவர் "நல்ல கேள்வி, தேத்தண்ணிக்குப் பிறகு கதைப்பம்" என்று முடித்துவைத்தார். தேத்தண்ணிக்குப் பிறகு இரண்டாவது அமர்வு தொடங்கிவிட்டது.

கொட்டிலும் கடையும்

றோல்ஸ் தட்டோடு ஒதுங்கி நின்ற அவரிடம் போய் நான்தான் கதை கொடுத்தேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு, இலைக்காம்பு கிழிக்கிற பொடியனாகக் கொட்டிலுக்குள் போனவர். பிறகு சுத்துகிறவராகி, அந்தக் கொட்டில் பூட்டும்வரை அங்கேதான் இருந்திருக்கிறார். சுருட்டுக்கு மணமும் குணமும் கொடுப்பது கோடா. அதில் என்ன சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்பது முதலாளிக்கு மட்டும் தெரிந்த கணக்கு. கோடா போடுகிற அன்று மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிடுவாராம். கூலி நாளுக்கில்லை, ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று. கல்யாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் முதலாளியிடம் முற்பணம். முற்பணம் தீரும்வரை வேறு கொட்டிலுக்குப் போக ஏலாது. "தீர்ந்ததே ஐயா?" என்றேன். "தீர விடுவினமோ?" என்றார்.

ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுத்துவது யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் இருந்த வழக்கம். வீரகேசரி, தினகரன், 1959க்குப் பிறகு ஈழநாடு, அவற்றில் வரும் தொடர்கதை. வாசிப்பவர் சுத்தாமல் இருந்தால் அவர் கூலி என்னாவது? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவர் பங்குக்குச் சுத்திக் கொடுப்பார்கள் என்றார் ஐயா. எங்கள் வாசிப்புப் பண்பாடு பற்றி எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதற்குக் கூலி கொடுத்தது யார் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

சுருட்டு போனது தெற்கே. குருநாகல் பக்கத்துக் கிராமமொன்றில் முதலாளியின் மைத்துனர் கடை வைத்திருந்தார். காரைநகர், புங்குடுதீவு, வேலணை என்று தீவுப்பகுதி ஆட்களும் வலிகாமத்து ஆட்களும் சிங்கள ஊர்களெல்லாம் கடை போட்ட கதை இதை வாசிக்கிறவர்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டைக் குடித்தது சிங்களக் கமக்காரன். கடன் கொப்பியில் எழுதி வாங்கிப்போய், வெள்ளாண்மை வெட்டியதும் காசு கொடுக்கிறவன். அந்தக் கடைக்கு 1977 ஓகஸ்ட் கலவரத்தில் நெருப்பு வைத்தார்கள். அடுத்த ஆண்டு கொட்டில் பூட்டியது.

அப்படியானால் அவருடைய கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டாரே என்று தோன்றும். குண்டில்லை, நெருப்பு, யாழ்ப்பாணத்திலில்லை, குருநாகலில். நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் விடவில்லை. "அதுக்கு முதலே ஓடர் குறைஞ்சு போச்சு, தம்பி. இளம் பொடியள் சிகரெட்டும் பீடியும் குடிக்கத் துவங்கீட்டாங்கள். முதலாளியின்ர மூத்தவன் படிச்சு உத்தியோகம் எடுத்திட்டான், கொட்டிலுக்குள்ள காலே வைக்கமாட்டான். கடை எரியாட்டிலும் அந்தாள் பூட்டியிருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, பூட்டியிருக்காதோ தெரியேல்லை" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த அந்த "இல்லை"தான் இன்றுவரை என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அட்டவணையின் நின்ற ஆண்டு நிரலில் 1978 என்று போடலாம். காரணம் என்ற நிரலில் என்ன போடுவது? கலவரமா, சிகரெட்டா, படித்த மகனா? இந்த மூன்றில் எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதற்குத்தானே ஆய்வு என்று பெயர்?

யுத்தத்துக்கு முன்னும் விழுந்தவை

கொஞ்சம் பின்னால் போனால் இந்தச் சிக்கல் புதிதில்லை என்று தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். அங்கே அரசு புகையிலையைத் தன் ஏகபோகத்தில் வைத்திருந்தது. அது போன பிறகு தீர்வை வந்தது. கடைசியில் இந்தியப் புகையிலையோடு போட்டிபோட முடியாமல் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தச் சந்தை கையைவிட்டுப் போனது. 1930களில் மலையாளச் சந்தைக்குப் போகும் புகையிலைக்கென்றே கூட்டுறவுச் சங்கம் கட்டிப் பார்த்தும் பழைய காலம் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்து விலையைத் தீர்மானித்த ஆட்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். 1970க்குப் பிறகு வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் விற்று வீடு கட்டியவர்களை எங்கள் ஊரில் இன்றும் காட்டலாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அதே தோட்டக்காரர் விலை விழுந்து நின்றார்கள். கைத்தறிக்கும் அடி அப்போதே விழுந்தது. யுத்தம் வந்து சேர்ந்தபோது இவற்றில் பல ஏற்கெனவே நோயாளி. நோய் என்னவென்று கேட்காமல் மரணச் சான்றிதழை மட்டும் வாசிக்கிறோம்.

பெருமைப் பக்கத்திலும் இதே கதைதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. இது சொல்லப்படாத அரங்கு இல்லை, சொன்னதும் கைதட்டல். எனக்கும் கேட்கக் கேட்க அலுக்காத கதை. ஆனால் அந்த அளவு கப்பலைக் கட்ட முதல் போட்டது ஒரு குடும்பமா, பல பங்காளிகளா? பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் போய்வந்த கப்பல்களில் லாபத்தை எப்படிப் பிரித்தார்கள்? கப்பல் தாழ்ந்தால் நட்டம் யார் தலையில்? தச்சருக்கு யார் கூலி கொடுத்தது, காசாகவா நெல்லாகவா? கைதட்டல் ஓய்ந்த பிறகு இதைக் கேட்க ஆளில்லை. மில்க்வைற் சவர்க்காரத் தொழிற்சாலை நடத்திய கனகராசா என்றதும் பனம்விதை நட்டதையும் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்ததையும் எல்லோரும் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். சவர்க்காரத்துக்குத் தேவையான கோஸ்ரிக் சோடா எங்கிருந்து வந்தது, பரந்தனிலிருந்தா கொழும்பிலிருந்தா? ஒரு கட்டிக்கு எவ்வளவு லாபம் நின்றது? கொடையாளி நினைவில் நிற்கிறார், தொழிலதிபர் மறைந்துபோகிறார்.

காங்கேசன்துறையை எடுங்கள். 1950இல் உற்பத்தி தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் என்பதால் அரங்குகளில் பாதி நேரம் அது யார் கொண்டுவந்த ஆலை என்ற வழக்கிலேயே போய்விடுகிறது. சுண்ணாம்புக்கல் அந்த மண்ணிலேயே கிடந்தது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து றெயிலில் வந்தது. பிற்காலத்தில் இங்கே சுட்ட கிளிங்கரை, அதாவது அரைக்காத சீமெந்துக் கட்டியை, இந்நாட்டின் மறுமுனையில், காலியில், அரைத்துச் சீமெந்தாக்கினார்கள். ஒரு மூட்டைச் சீமெந்துக்குள் மூன்று ஊர் இருக்கிறது. ஆனால் நாங்கள் பேசும்போது அது எங்கள் ஊர் ஆலை மட்டுமே. முருங்கனில் மண் வெட்டியவர் யார், அந்தக் குழிகள் என்னவாயின, காங்கேசன்துறை நின்றபோது காலியில் எத்தனை பேர் வேலையிழந்தார்கள் என்று இங்கே ஒரு கட்டுரையும் நான் கேட்டதில்லை. பரந்தனும் அப்படித்தான். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அந்தக் குளோரின் தெற்கில் யார் யார் குடிதண்ணீரில் கலந்தது என்று தேடிப் போனால் அது எவ்வளவு சுவையான ஆய்வு!

றங்குப்பெட்டிக்குள்

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எங்கே கிடக்கிறது என்று கேட்டால் ஆய்வாளர்கள் கொழும்பைக் காட்டுவார்கள். சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. 1869 முதல் 1896 வரை இங்கே அதிபராக இருந்த துவைனம் எழுதியவை உட்பட. அவை நல்ல சான்றுகள்தான். ஆனால் வரி எவ்வளவு வந்தது என்று பார்த்த கண்ணுக்கு, கொட்டிலுக்குள் முற்பணம் எப்படிச் சுழன்றது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதைச் சொல்லக்கூடியது முதலாளியின் பேரேடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைத்து அழுகிற நாங்கள், வீட்டுக்குள் கிடக்கும் கணக்குக் கொப்பிகளை ஆவணம் என்று நினைப்பதே இல்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எல்லோரும் எடுத்தது காணி உறுதி, பிறப்பத்தாட்சி, நகை. கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார்?

சுருட்டு ஐயா கைகாட்டிய பிறகு அந்த முதலாளியின் வீட்டுக்குப் போனேன். மருமகள் இருந்தார், எழுபதுக்கு மேல். கொஞ்சக் கொப்பிகள் தென்மராட்சியில் உறவினர் வீட்டு றங்குப்பெட்டியில் அகப்பட்டுக்கொண்டதால் தப்பியிருந்தன. "பாருங்கோ தம்பி, போன் எடுக்காதேங்கோ" என்றார். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி. கீழே லாபம் என்று தொடங்கிப் பெயர்களும் தொகைகளும். குருநாகல் கிராமத்தார் பெயர்கள் தமிழ் எழுத்தில்: பண்டா, அப்புகாமி, மெனிக்கா. சுத்துகிறவர்களின் முற்பணம் வேறு கொப்பியில், ஒவ்வொருவருக்கும் தனிப்பக்கம். கோயிலுக்கு மகமை. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நன்கொடை. ஒரே ஆயிரத்துக்கு ஒரே கூலி எல்லோருக்கும் விழவில்லை என்பதும் புரட்டப் புரட்டத் தெரிந்தது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் கைவேலைத் திறமை மட்டும்தானா, சாதியும் உள்ளே இருக்கிறதா என்று பெயர்களைத் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து சொன்னால்தான் பிடிபடும்.

ஏன் இதை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்து மின்வருடக் கூடாது என்று கேட்டேன். எங்கள் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றி 2005இலிருந்து அவர்கள் செய்கிற வேலை எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அம்மா தலையாட்டவில்லை. "இதில மாமா ஆர் ஆருக்கு வட்டிக்குக் குடுத்தவர், ஆற்ற காணி ஈட்டில கிடந்தது எல்லாம் கிடக்கு. அவையின்ர பேரப்பிள்ளையள் இப்ப பெரிய ஆக்கள். நாளைக்கு ஆரும் வாசலில வந்து நிண்டால்?" இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. கருத்தரங்குகளில் ஆவணங்களைக் காப்போம் என்று தீர்மானம் எழுதுகிறவர்கள் இந்த அம்மாவின் வாசலில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். வணிகக் கணக்கு என்பது ஒரு ஊரின் அந்தரங்கம். கவிதைக் கையெழுத்துப் பிரதியைக் கொடுப்பதுபோல் எவரும் அதைத் தூக்கிக் கொடுத்துவிடமாட்டார்கள்.

முன்கூட்டியே வாசிப்பது

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது ஹாக்லி கண்ணில் பட்டது. அமெரிக்காவின் டெலவெயரில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில், 1802இல் டியூபொன்ட் குடும்பம் வெடிமருந்து ஆலை தொடங்கிய அதே வளவில் இப்போது அருங்காட்சியகமும் நூலகமும். பல நிறுவனங்களின் பழைய பதிவேடுகளை வாங்கிப் பேணுகிறார்கள். வெடிமருந்து செய்த இடத்தில் கடதாசி தப்பியிருக்கிறது. எங்களிடம் கடதாசி எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது அங்கே நடக்கும் ஆய்வரங்கின் முறை. கட்டுரை இன்னும் எழுதி முடியாத வேலையாகவே இருக்கும்; வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே அன்று கூடுவது கேட்பதற்கில்லை, கட்டுரையைக் குடைவதற்கு. ஹார்வர்ட்டில் 1927இலேயே வணிக வரலாற்றுக்கென்று பேராசிரியர் பதவி உண்டாக்கியவர்கள், அவர்களிடம் காசிருக்கிறது, செய்வார்கள் என்று சொல்லலாம். கட்டுரையை முந்திய வாரமே அனுப்ப என்ன காசு வேண்டும்? வட்சப்பில் போடலாம்.

இங்கே நாங்கள் முன்கூட்டி அனுப்புவது அழைப்பிதழ். ஆய்வுச் சுருக்கக் கோவை அன்று காலையில் கையில் கிடைக்கும், அதுவும் பேச்சாளர்களுக்கும் பிரமுகர்களுக்கும் மட்டும். கட்டுரையை முதலில் பார்த்திருந்தால் சுருட்டு ஐயா வேறு விதமாகக் கேட்டிருப்பார். நீங்கள் போட்ட கூலி எந்தக் கொட்டிலின் கூலி, கோடா போடுகிற நாளைச் சேர்த்தீர்களா, காம்பு கிழித்த பொடியனை எண்ணினீர்களா என்று கேட்டிருப்பார். அந்த இளைஞர் திறமையானவர். அப்படிக் கேட்டால் திரும்பிப் போய் எழுதுவார். எல்லைக்குள் வரவில்லை என்று அவர் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. இருபது நிமிடத்துக்குள் வேறென்ன சொல்வது? எல்லையை அப்படிக் கீறிக் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அம்மாவின் பயத்துக்கும் வழி இல்லாமலில்லை. ஆவணக் காப்பகங்கள் பதிவேடுகளை நிபந்தனையோடு ஏற்றுக்கொள்வது உலகவழக்கம்: இத்தனை ஆண்டு திறப்பதில்லை, பெயரை வெளியிடுவதில்லை, குடும்பத்தார் கையொப்பமிட்டால் மட்டும் பார்க்கலாம். இதை எங்கள் தமிழில், ஒரு பக்கத்தில், வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதி வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போக வேண்டும். அதைச் செய்வதாக யாரும் சொன்னால் முதல் வீட்டுக்கு நான் கூட்டிப்போகிறேன்.

அடுத்த அரங்குக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பதாக ஏற்பாட்டாளர் ஒருவர் அண்மையில் கேட்டார். சுருட்டு என்று சொன்னேன், சுருட்டு மட்டும். பேச்சாளர் இருவர் போதும். கட்டுரையை ஒரு மாதம் முந்தி அனுப்பிவிட்டு, முன் வரிசையில் பிரமுகர்களுக்குப் பதிலாக சுத்தினவர்களை இருத்துங்கள் என்றேன். குருநாகல் பக்கமிருந்து, யாழ்ப்பாணத்துக் கடையில் கடனுக்குச் சுருட்டு வாங்கிய ஒரு வயோதிபரையும் கூப்பிடுங்கள். அந்தக் கடை எரிந்த இரவை அவர்களும் பார்த்தவர்கள்தானே, அவர்கள் பக்கத்துக் கதை என்னவென்று கேட்போம். ஏற்பாட்டாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல யோசனைதான், ஆனால் சிங்களத்தில் பேசினால் மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுக்க வேண்டுமே, நிதியில்லையே என்றார். பொன்னாடைக்கு ஒதுக்கியதிலிருந்து எடுங்கள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.